வசனம் இருக்கிறது, அதிகாரம் எங்கே?

பைபிளைப் பற்றிய தவறான எண்ணங்கள் அதை வாசிக்காதவர்களிடம்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். வாசிக்காதவர்களிடம் இருப்பது படத்திலும் சினிமாவிலும் பார்த்த நான்கைந்து காட்சிகள்தான். அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தினமும் வாசிப்பவர்களிடம் இருக்கும் பிழை வேறு ரகம். அங்கே வசனம் எழுத்துப் பிசகாமல் இருக்கும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்பதுதான் காணாமல் போயிருக்கும்.

முதலில் நஷ்டமில்லாத ரகத்தைப் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் உண்டு, மாடும் கழுதையும் உண்டு, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட இடையர்கள் உண்டு, ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள் உண்டு. கிழக்கிலிருந்து ஞானிகள் வந்ததாக மத்தேயு எழுதுகிறார். எத்தனை பேர் என்று எழுதவில்லை, ராஜாக்கள் என்றும் எழுதவில்லை. காணிக்கை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என மூன்று இருந்ததால் ஆளும் மூவர் என்று பிற்காலத்தார் கணக்குப் போட்டார்கள். சிரியத் திருச்சபை மரபில் அவர்கள் பன்னிரண்டு பேர். ராஜ பட்டமும் ஒட்டகமும் சங்கீதம் 72, ஏசாயா 60 ஆகிய பழைய ஏற்பாட்டுப் பகுதிகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அவர்கள் போய்ச் சேர்ந்ததும் தொழுவத்துக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. அவர்கள் சொன்ன காலத்தைக் கணக்கிட்டு ஏரோது இரண்டு வயதுவரை உள்ள ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்வதைப் பார்த்தால், பிறந்த இரவே எல்லோரும் ஒன்றாகக் கூடியதாக மத்தேயு நினைக்கவில்லை என்பது தெரியும். முன்னணையும் இடையர்களும் லூக்காவில் மட்டும். மாடு, கழுதை இருவரிடமும் இல்லை. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்துமஸ் கொண்டாடியபின் அவை குடிலை விட்டுப் போகவே இல்லை. ஞாயிறு பள்ளி நாடகத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்தும் சத்திரக்காரனையும் சுவிசேஷத்தில் தேட வேண்டாம். டிசம்பர் 25 என்ற தேதியும் அப்படித்தான்.

ஏதேனில் பழம் உண்டு, ஆப்பிள் இல்லை. மிக்கேலாஞ்சலோ சிஸ்டைன் கூரையில் அத்திமரத்தைத்தான் வரைந்தார். ஐரோப்பாவின் மற்ற ஓவியர்களிடம் ஆப்பிள் ஜெயித்துவிட்டது. ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் பாம்பைப் பாம்பு என்று மட்டுமே சொல்கிறது, சாத்தான் என்று சொல்லவில்லை. அந்த இணைப்பு பிற்காலத்தது, வெளிப்படுத்தின விசேஷத்தில் தெளிவாக வருகிறது. ஆதாமிடமிருந்து ஒரு விலா எலும்பு எடுக்கப்பட்டதால் ஆண்களுக்கு ஒன்று குறைவு என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருபாலருக்கும் எண்ணிக்கை ஒன்றுதான் என்று வெசாலியஸ் 1543லேயே எழுதிவிட்டார். தமஸ்கு சாலையில் பவுல் குதிரையிலிருந்து விழவில்லை, ஏனென்றால் அப்போஸ்தலர் நடபடிகளில் குதிரையே இல்லை. மனம் மாறியவுடன் சவுல் பவுலானார் என்பது நம் மேடைகளின் பிரியமான வரி. மனமாற்றம் ஒன்பதாம் அதிகாரத்தில். பதின்மூன்றாம் அதிகாரம்வரை நூலாசிரியர் அவரைச் சவுல் என்றே அழைக்கிறார். ஒன்று யூதப் பெயர், மற்றது ரோமப் பெயர், இரண்டும் அவருக்கு முன்பே இருந்தவை.

இன்னொன்று, தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியது. ஆறாம் கட்டளை எது என்று திருநெல்வேலி சி.எஸ்.ஐ. பிள்ளையிடம் கேளுங்கள், கொலை என்று சொல்லும். கத்தோலிக்கப் பிள்ளை விபசாரம் என்று சொல்லும். தரங்கம்பாடி லுத்தரன் பிள்ளை கத்தோலிக்கப் பிள்ளையோடு சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் அகஸ்டின் வகுத்த எண்முறையை லுத்தர் மாற்றவில்லை. மூவரும் சரி. யாத்திராகமத்தில் கட்டளைகள் உண்டு, பத்து என்ற தொகையும் உண்டு, வரிசை எண்தான் போடவில்லை.

பைபிளில் இல்லாத வாக்கியங்கள் பைபிள் பெயரில் உலவுவது அடுத்த ரகம். தனக்குத்தானே உதவிக்கொள்கிறவனுக்கே கடவுள் உதவுவார் என்ற கருத்து ஈசாப் கதைகளிலேயே உண்டு. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் போட்டுப் பிரபலமாக்கினார். பைபிளின் போக்கு இதற்கு நேர் எதிர். அங்கே கடவுள் ஓடி ஓடி உதவுவது தனக்கு உதவிக்கொள்ள வழியற்ற விதவைக்கும் அநாதைக்கும் பரதேசிக்கும். ஏழு தலையான பாவங்கள் என்ற பட்டியலும் வேதத்தில் இல்லை. நான்காம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் எட்டுத் தீய எண்ணங்களைச் சொன்னார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் முதலாம் கிரகோரி அவற்றை ஏழாக்கினார். இந்தக் கிரகோரி நமக்கு மறுபடியும் தேவைப்படுவார். எந்தெந்த நூல்கள் வேதம் என்று 325இல் நிசேயா சங்கம் வாக்கெடுத்து முடிவு செய்தது என்ற கதையும் உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்தச் சங்கம் இயற்றிய இருபது விதிகளில் நூல்பட்டியல் பற்றி ஒன்றுகூட இல்லை.

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலானவை அலங்காரம். ஊசியின் காதுக்கு வரும்போது விஷயம் மாறுகிறது. பணக்காரன் கடவுளின் ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னது எல்லோருக்கும் தெரியும். இதற்கு நம் பிரசங்கங்களில் தவறாமல் ஒரு விளக்கம் வரும்: எருசலேமில் ஊசிக்காது என்ற சிறு வாசல் இருந்தது, சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடலாம் என்று. அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு அகழாய்வுச் சான்றும் இல்லை, அந்தக் காலத்து எழுத்துச் சான்றும் இல்லை. இந்த விளக்கம் இடைக்கால உரைகளில்தான் தலைகாட்டுகிறது. யூதர்களின் தல்மூதில் இதே உவமை ஒட்டகத்துக்குப் பதில் யானையை வைத்துச் சொல்லப்படுகிறது. நடக்கவே நடக்காது என்பதைச் சொல்லும் வழி அது. சுவிசேஷத்தைத் தொடர்ந்து வாசித்தாலே போதும். சீடர்கள் திடுக்கிட்டு, அப்படியானால் யார்தான் தப்ப முடியும் என்று கேட்கிறார்கள். மனிதரால் ஆகாது, கடவுளால் ஆகும் என்பது பதில். மண்டியிட்டு நுழைந்துவிடலாம் என்றால் சீடர்கள் ஏன் திடுக்கிட வேண்டும்? இந்த வாசலைக் கட்டியது எருசலேமின் கொத்தனார் அல்ல, வசதியானவர்களின் மனச்சாட்சி.

பைபிளைப் பற்றிய பிழைகள் ஏதோ ஞாபக மறதியால் வருகிறவை என்று இனி விட்டுவிட முடியாது. அவை ஒரு பக்கமாகச் சாய்கின்றன. கேட்பவருக்குச் சுகமான பக்கம், சொல்பவருக்கு லாபமான பக்கம்.

கண்ணுக்குக் கண் என்பதும் அப்படித்தான், ஆனால் சாய்வு வேறு. பழிவாங்கச் சொல்லும் கட்டளையாக இதை ஊரே மேற்கோள் காட்டுகிறது. ஒரு கண் போனால் பதிலுக்கு ஒரு கண்ணுக்கு மேல் போகாதே என்ற வரம்பு அது. பாபிலோனின் அம்முராபி சட்டத்தில் உயர்குடியானின் கண்ணுக்குக் கண், சாமானியனின் கண்ணுக்கு வெள்ளி அபராதம், அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி. யாத்திராகமம் 21இல், கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தை அடுத்த வரிகளிலேயே, எஜமான் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்தால், பல்லை உடைத்தால்கூட, அந்த அடிமைக்கு விடுதலை என்று இருக்கிறது. அந்த இரண்டு வரிகளை யாரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

இப்போது வாக்குத்தத்த வசனங்களுக்கு வருவோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் வரும். கண்ணை மூடி ஒன்று எடுத்தால் அதுதான் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தம். பிறகு அது காலண்டரிலும் கடைப் பலகையிலும் வேன் கண்ணாடியிலும் ஏறும். அப்படி ஏறிய வசனங்களில் முதலிடம் யோபு 8:7க்குக் கொடுக்கலாம்: ஆரம்பம் சிறிதாக இருந்தாலும் முடிவு பெருகிப்போகும் என்ற கருத்து. புதுக்கடைத் திறப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் உண்டா?

சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும். யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவரான பில்தாத். யோபுவின் பத்துப் பிள்ளைகளும் வீடு இடிந்து ஒரே நாளில் செத்துப்போயிருக்கிறார்கள். அந்தத் தகப்பனிடம் பில்தாத் சொல்வது: உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால் அனுபவித்தார்கள், நீ சுத்தமானவனாக இருந்து கடவுளைத் தேடினால் உனக்கு நல்ல காலம் வரும். கடைப் பலகையில் இருக்கும் வரி இந்தப் பேச்சின் வால். நல்லவனுக்கு நல்லது நடக்கும், கெட்டது நடந்தால் நீ கெட்டவன் என்ற கணக்கைத்தான் யோபுவின் புத்தகம் முழுவதும் உடைக்கிறது. கடைசி அதிகாரத்தில் கடவுளே பேசுகிறார்: இந்த மூன்று நண்பர்களும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்று. கடவுள் தவறு என்று தள்ளிய பேச்சிலிருந்து ஒரு வரியை வெட்டி, கடவுளின் வாக்குத்தத்தமாக நாம் மாட்டி வைத்திருக்கிறோம். முடிவில் யோபுவுக்கு இரண்டு மடங்கு கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது. ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி கிடைக்கவில்லை.

யோபுவின் பொறுமை என்ற பழமொழிக்கு யாக்கோபு நிருபத்தில் வேர் உண்டு, ஆனால் அதை இன்று சொல்கிறவர்களில் பலர் யோபுவின் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களோடு நின்றுவிட்டவர்கள். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்று யோபு சொல்வது முதல் அதிகாரத்தில். அடக்க ஆராதனைகளில் அதுதான் வாசிக்கப்படும். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதிலிருந்து முப்பத்தோராம் அதிகாரம்வரை திரும்பத் திரும்பக் கடவுளை வழக்குக்கு இழுக்கிறார், பதில் சொல் என்கிறார். துக்க வீட்டில் அழுது அரற்றும் ஒருவரிடம் யோபுவைப் போலப் பொறுமையாக இரு என்று சொல்கிறவர், அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்.

காலண்டர்களில் இரண்டாம் இடம் எரேமியா 29:11. உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நினைவுகள் நன்மைக்கானவை, எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்ற பொருள். இது தனி மனிதனுக்கு வந்த குறுஞ்செய்தி அல்ல. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். கடிதத்தின் முன்பகுதி சொல்வது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்துப்போன அந்த ஊருக்காகவே ஜெபம் செய்யுங்கள். ஏனென்றால் திரும்பி வர எழுபது ஆண்டு ஆகும். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பப் போவதில்லை. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று கோவிலில் எல்லோர் முன்னும் அறிவித்தவர் அவர். கூட்டம் யார் பக்கம் நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவரைத்தான் எரேமியா பொய்யர் என்கிறார். அந்த ஆண்டே அவர் இறந்துபோகிறார். இந்த வருடமே உனக்கு வாசல் திறக்கும் என்று 29:11ஐப் பிடித்துப் பேசுகிறவர், எரேமியாவின் வரியை வைத்து அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறார்.

தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் கொடுக்கமாட்டார் என்பது துக்க வீடுகளில் கேட்கும் இன்னொரு ஆறுதல். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1 கொரிந்தியர் 10:13 துக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரக வழிபாட்டில் விழுந்ததை நினைவூட்டி, கொரிந்துவில் உள்ளவர்களுக்கு அதேபோன்ற இச்சை வந்தால் தப்பும் வழியும் உண்டு என்று பவுல் எச்சரிக்கிறார். பாரத்தைப் பற்றி அதே பவுல் அதே கொரிந்தியருக்கு எழுதிய அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே பேசுகிறார். ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்தது தங்கள் பலத்துக்கு மிஞ்சிய பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முதல் வசனத்தைத் திரித்துச் சொல்வதைவிட, இரண்டாவதைத் திரிக்காமல் சொல்வது நல்லது. உன்னால் தாங்க முடியவில்லை என்றால் அது விசுவாசக் குறைவு அல்ல, பவுலுக்கும் முடியவில்லை என்று சொல்லலாம் அல்லவா?

சொல்பவருக்கு லாபமான வசனங்களும் உண்டு. தேவாலயக் கணக்கைப் பற்றியோ பாஸ்டரின் நடத்தையைப் பற்றியோ கேள்வி எழுந்தால் உடனே வருவது சங்கீதம் 105:15. அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்று கடவுளே சொல்லியிருக்கிறார் என்பார்கள். அந்தச் சங்கீதம் பேசுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற சிறு நாடோடிக் குடும்பத்தைப் பற்றி. எண்ணிக்கையில் கொஞ்சமாய், ஊர் ஊராய் அலைந்த அவர்களைத் தொட வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். எளியவர்மேல் கை வைக்காதே என்று பலவானுக்குச் சொன்னதை, பலவானைக் கேள்வி கேட்காதே என்று எளியவனுக்குச் சொல்வதாகத் திருப்பிவிட்டோம். வேடிக்கை இன்னும் இருக்கிறது. சாராளைத் தன் சகோதரி என்று ஆபிரகாம் சொன்னதால் சிக்கலில் மாட்டிய அபிமெலேக்கு ராஜா, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆபிரகாமை நேருக்கு நேர் கேட்கிறான். கேட்டதற்காக அவனுக்குத் தண்டனை ஒன்றும் வரவில்லை. தாவீதைக் கண்டித்தார் நாத்தான். அந்தியோகியாவில் பேதுருவை எல்லோர் முன்பாகவும் எதிர்த்தார் பவுல்.

தசமபாகம் அடுத்தது. மல்கியா 3:10 மேடையில் ஒலிக்காத மாதம் கிடையாது. அதே மல்கியா முதல் இரண்டு அதிகாரங்களில் குருடும் நொண்டியுமான மிருகங்களைப் பலியிட்ட ஆசாரியர்களை வறுத்தெடுக்கிறார், அது ஒலிப்பதில்லை. தசமபாகம் தானியமும் திராட்சைரசமும் எண்ணெயுமாக நிலத்தின் விளைச்சலில் கொடுக்கப்பட்டது. நிலமில்லாத லேவியருக்கு அது போக வேண்டும் என்று எண்ணாகமம் 18 சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உபாகமம் 14ஐயும் திறந்து பார்க்க வேண்டும். தசமபாகத்தைக் கொடுப்பவர் தன் வீட்டாரோடு கடவுளின் சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறது. வழி தூரமானால் விற்றுக் காசாக்கிக் கொண்டுபோய், மாடோ ஆடோ மதுவோ மனம் விரும்பியதை வாங்கிக் கொண்டாடச் சொல்கிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகம் ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியனும் பரதேசியும் அநாதையும் விதவையும் சாப்பிட வேண்டும். இந்த அதிகாரத்தை வைத்துத் தசமபாகப் பிரசங்கம் செய்யும் துணிச்சல்காரர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

திருமண ஆராதனைகளில் மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 5:22 வாசிக்கப்படும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்பது அதற்கு முந்தைய வசனம். வாசிப்பை எங்கே தொடங்குகிறோம் என்பதிலேயே பாதி அர்த்தம் தீர்மானமாகிவிடுகிறது. காமின் சாபம் என்று சொல்வார்களே, அதில் நோவா சபித்தது காமை அல்ல, காமின் மகன் கானானை. தோல் நிறம் பற்றி அந்தப் பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. அதை வைத்து அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் கறுப்பின அடிமைத்தனத்துக்கே வேத ஆதாரம் காட்டினார்கள்.

மகதலேனா மரியாளுக்கு நடந்தது இந்தக் கதைகளிலேயே நீளமானது. அவரிடமிருந்து ஏழு பிசாசுகள் போனதாகவும், தன் ஆஸ்தியால் இயேசுவின் குழுவுக்கு ஊழியம் செய்த பெண்களில் ஒருவர் என்றும் லூக்கா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. நான்கு சுவிசேஷங்களிலும் அவர் கல்லறையருகே இருக்கிறார். யோவானில் உயிர்த்த இயேசுவை முதலில் பார்ப்பவரும், போய்ச் சொல்லும்படி அனுப்பப்பட்டவரும் அவர்தான். விபசாரி என்று எங்கும் இல்லை. லூக்கா ஏழில் கண்ணீரால் பாதம் கழுவும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. யோவான் பன்னிரண்டில் தைலம் பூசுபவர் பெத்தானியா மரியாள். 591இல் ரோமில் ஒரு பிரசங்கத்தில் மூவரும் ஒருவரே என்று சொன்னவர் நாம் முன்பு பார்த்த முதலாம் கிரகோரி. கீழைத் திருச்சபைகள் இதை ஏற்கவில்லை. மேற்கில் அதுவே நிலைத்தது: ஓவியங்களில் அவிழ்த்த கூந்தலோடு அழும் பெண், அயர்லாந்தில் வழிதவறியவர்கள் என்று முத்திரை குத்திய பெண்களைச் சம்பளமின்றித் துணி வெளுக்கவைத்த இல்லங்களுக்கு அவர் பெயர். அந்தச் சலவை இல்லங்களில் கடைசி ஒன்று மூடப்பட்டது 1996இல். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது மூவரையும் பிரித்தது. 2016இல் அவருடைய நாளை அப்போஸ்தலர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தியது. திருத்தம் ஆவணத்தில் ஏறிவிட்டது. நம் பிரசங்கங்களிலும் சினிமாவிலும் ஏறவில்லை.

வசனத்தைத் தனியே பிய்க்கும் வசதி பைபிளோடு பிறந்ததல்ல. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் சொல்லும் வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர். அதற்கு முன் ஏறக்குறைய பதினைந்து நூற்றாண்டுகளாக நிருபத்தை வசன எண் இல்லாமல்தான் கேட்டார்கள். எண் போட்டதில் தவறில்லை; எண்ணில்லாமல் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க முடியாது. தேடுவதற்காகப் போட்ட எண்ணை வெட்டுவதற்கான கோடாக நினைத்துக்கொண்டதுதான் தவறு.

வாக்குத்தத்த அட்டை அச்சிடும் சபைகளுக்கும் காலண்டர் போடும் அச்சகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வசன எண்ணுக்குப் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் போடுங்கள். யோபு 8:7 என்பதோடு, சொன்னவர் பில்தாத் என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். வாங்குகிறவர்கள் மீதியைத் தாங்களே வாசித்துக்கொள்வார்கள்.